உடம்பு கேட்கும் மினிமம் பாலன்ஸ்!

2024 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த கட்டுரைக்கு என்ன எழுதலாம் என்று பனியனோடு உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து அக்கா போன்.

“டேய் தம்பி, உடனே கிளம்பி வா. பாப்பாவைப் பத்திப் பேசணும்.”

எனக்குப் பகீர் என்றது. பதினாலு வயது அக்கா மகளைப் பற்றிப் பேசணும் என்றால் தாய்மாமனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சீர்! பட்டுப்பாவாடை, தோடு, மாலை, பழத்தட்டு, மேளம்... நான் கட்டிவருகிற சீட்டு அடுத்த தையில்தான் முடிகிறது. அதுவரை என் பேங்க் கணக்கில் இருப்பதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

“பெரிய மனுஷி ஆயிட்டாளாக்கா?” என்றேன், குரலில் சந்தோஷத்தை வரவழைத்துக்கொண்டு.

“ஆயிருந்தா நான் ஏண்டா அழுறேன்? ஆகலைங்கறதுதான்டா பிரச்னை!”

திருச்சியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

மொய் நோட்டும் முணுமுணுப்பும்

என் மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருஷமாக ஊரில் ஒரு காதுகுத்து, ஒரு கல்யாணம் விடாமல் மொய் எழுதியவர். எழுதியதை எல்லாம் ஒரு நீளமான நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். காமர்ஸ் பாஷையில் அதற்குப் பெயர் ‘சன்ட்ரி டெப்டர்ஸ்’. அந்தப் பாக்கி அத்தனையும் வசூலாக வேண்டிய ஒரே தேதி, பாப்பாவின் மஞ்சள் நீராட்டு விழா. அதனால் மச்சானுக்கு ஒரு கவலை.

அக்காவுக்கு வேறு கவலை. பாப்பா ஓட்டக்காரி. ஆறாவது படிக்கும்போதே பி.டி. மாஸ்டர் கண்டுபிடித்து மைதானத்தில் இறக்கிவிட்டார். தினமும் காலை ஐந்து மணிக்கு ஓட்டம், சாயங்காலம் இன்னொரு ஓட்டம். மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் பள்ளிக்கூடத்தில் அவளைத் தொட ஆள் கிடையாது. உடம்பு முருங்கைக்காய் மாதிரி. கூடப் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் சடங்கு முடிந்து, சில பேருக்கு ஆல்பமே கிழிந்துவிட்டது. இவளுக்கு இன்னும் இல்லை.

தெருவில் சும்மா விடுவார்களா? எதிர்வீட்டு ஆச்சி தீர்ப்பே சொல்லிவிட்டது. “பொம்பளப் புள்ளைய ஓடவிட்டா கர்ப்பப்பை கலங்கிப் போகும்டி. மொதல்ல அந்த ஓட்டத்த நிறுத்து.”

அக்கா ஷூவை எடுத்து பரண்மேல் போட்டுவிட்டாள். மாவட்டப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம். பாப்பா மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். “மாமா, நான் ஓடறது தப்பா?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பி.காமில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு நேர் எதிரான ஒரு புலம்பலைக் கேட்க வேண்டியிருந்தது. எழுத்துச் சம்பாத்தியம் போதாமல், மாதக் கடைசியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குச் சரிபார்க்கப் போவேன். பக்கத்து சீட் நண்பர் டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னார். “சார், பொண்ணுக்குப் பத்து வயசுதான் ஆச்சு. நேத்து... ஆயிட்டா. நாலாம் கிளாஸ் சார்! இன்னும் டெடி பொம்மையக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குது. எல்லாம் இந்த பிராய்லர் கோழியால வந்த வினை. வீட்டுல கோழியே கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

ஒரு வீட்டில் ‘ஏன் இன்னும் இல்லை?’ இன்னொரு வீட்டில் ‘ஏன் இதுக்குள்ளே?’ ஒரு வீட்டில் குற்றவாளி ஷூ. இன்னொரு வீட்டில் கோழி.

“நமக்கெதுக்கு சார் இந்தப் பொம்பளைங்க விஷயம்?” என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். இருங்கள் சார். இன்றைக்கு நீங்கள் யாருக்கோ அண்ணன். நாளைக்குத் தாய்மாமன். அதற்கு அடுத்த நாள் அப்பா. அப்போது ஆச்சி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவதைவிட, இப்போதே நாலு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது.

டாக்டரம்மா கேட்ட கணக்கு

மறுநாள் டாக்டரிடம் போனோம். அக்காவும் பாப்பாவும் உள்ளே. நான் வெளியே, பழைய வாரப் பத்திரிகையில் யாரோ பாதி நிரப்பிய குறுக்கெழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து என்னையும் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா முதலில் கேட்டது ஷூவைப் பற்றி இல்லை. சாப்பாட்டைப் பற்றி.

“காலைல ஓடப் போறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவே?”

“ஒண்ணும் இல்ல மேடம். வயிறு குலுங்கும்.”

“ஓடி முடிச்சு?”

“ஸ்கூலுக்கு நேரமாயிடும். ரெண்டு இட்லி.”

“மத்தியானம்?”

“டப்பால கொஞ்சம் லெமன் சாதம். சாயங்காலம் ஓடணும்ல, அதனால நிறையச் சாப்பிட மாட்டேன்.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பி.காம். மேடம்.”

“அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். உடம்பு ஒரு பேங்க். கொழுப்புதான் டெபாசிட். பொண்ணு உடம்பு வயசுக்கு வர்றதுன்னா, நாளைக்கு ஒரு குழந்தையத் தாங்கற வேலைக்கான கணக்கைத் தொறக்கறதுன்னு அர்த்தம். மினிமம் பாலன்ஸ் இல்லாம பேங்க்ல கணக்குத் தொறப்பாங்களா? இவ காலைல ஒரு செக்கு, சாயங்காலம் ஒரு செக்குன்னு எடுத்துக்கிட்டே இருக்கா. போடறது ரெண்டு இட்லி!”

இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் நான் பயாலஜியே எடுத்திருப்பேன்.

பயப்படும்படி எதுவும் இல்லை, வளர்ச்சியின் மற்ற அடையாளங்கள் தொடங்கிவிட்டன என்றார். பதிமூன்று வயதாகியும் எந்த வளர்ச்சியும் தெரியாவிட்டால், அல்லது பதினைந்து முடிந்தும் மாதவிடாய் வராவிட்டால், அவசியம் பரிசோதிக்க வேண்டுமாம். அதேபோல எட்டு வயதுக்கு முன்பே வளர்ச்சி தொடங்கினாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கிற அகலம்தான் சாதாரணம்.

கடைசியாக அக்காவிடம் ஒரு கேள்வி. “அம்மா, உங்களுக்கு எந்த வயசுல?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “பத்தாவது பரீட்சை முடிஞ்சு...”

அட! அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லட்டு தின்றது மட்டும்தான் ஞாபகம். எத்தனை வயதில் என்று அக்காவே மறந்துபோயிருந்தாள். அம்மா எந்த வயதிலோ, பெண்ணும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் என்றார் டாக்டரம்மா. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டாம்.

ஹார்வர்டில் ஒரு கணக்குப்பிள்ளை அம்மாள்

‘மினிமம் பாலன்ஸ்’ என்ற வார்த்தை என் மண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. திருச்சிக்குத் திரும்பியதும் தேடித் தேடிப் படித்தேன். இந்தக் கணக்கை உலகத்துக்குச் சொன்னவர் ஒரு அமெரிக்க அம்மாள். பெயர் ரோஸ் ஃபிரிஷ். 1918-ல் பிறந்தவர். மரபியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் லாஸ் அலமோஸில், அணுகுண்டுத் திட்டத்தில், கூட்டிக் கழித்துக் கணக்குப் போடுகிற வேலை பார்த்தவர். (அந்தக் காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்றால் மெஷின் இல்லை. மனுஷர்கள்!) பிறகு குழந்தைகளை வளர்த்துவிட்டு, ஹார்வர்டின் மக்கள்தொகை ஆய்வு மையத்தில் ராஜர் ரெவல் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

வளரும் நாடுகளில் எந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று கணக்கெடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. எடை அட்டவணைகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. பெண்குழந்தைகளின் எடை ஒரு கட்டத்தில் மளமளவென்று ஏறுகிறது. அதற்குக் கொஞ்ச நாளில் வயதுக்கு வருகிறார்கள். சீக்கிரம் வந்தவள், தாமதமாக வந்தவள் இருவரின் வயதும் வேறு, உயரமும் வேறு. ஆனால் அந்தச் சமயத்து சராசரி எடை ஏறக்குறைய ஒன்றுதான். 47, 48 கிலோ!

1970-ல் ஃபிரிஷும் ரெவலும் இதை ‘சயின்ஸ்’ பத்திரிகையில் எழுதினார்கள். 1974-ல் ஜேனட் மெக்ஆர்தர் என்ற டாக்டரோடு சேர்ந்து ஃபிரிஷ் இன்னொரு படி மேலே போனார். முக்கியம் எடை இல்லை, அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு என்பதுதான் என்றார். மாதவிடாய் தொடங்க உடம்பில் குறைந்தது 17 சதவீதம் கொழுப்பு வேண்டும். வளர்ந்த பிறகு அது ஒழுங்காக நடக்க 22 சதவீதம் வேண்டும்.

ஏன் கொழுப்பு? அம்மாளின் கணக்கு இது. வளர்ச்சி வேகமெடுப்பதற்கும் வயதுக்கு வருவதற்கும் நடுவில் பெண்ணின் உடம்பில் கொழுப்பு சுமார் 5 கிலோவிலிருந்து 11 கிலோவாகிறது. பதினெட்டு வயதில் 16 கிலோ. அதாவது 1,44,000 கலோரி டெபாசிட். ஒரு பிரசவத்துக்கு, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல், உடம்புக்கு வேண்டியது சுமார் 50,000 கலோரி. பிறகு தாய்ப்பாலுக்கு தினம் 500 முதல் 1,000 கலோரி. நம் ஆதித் தாய்மார்கள் காலத்தில் மழை பொய்த்தால் சாப்பாடு கிடையாது. கையிருப்பு இல்லாமல் குழந்தை உண்டானால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அதனால்தான் உடம்பு பாலன்ஸ் பார்க்கிறது. நம்ம ஊரில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்து உட்காரவைக்கிறார்களே, அதிலும் இந்தக் கணக்கின் வாசனை அடிக்கிறதல்லவா?

1981-ல் ஃபிரிஷ் அம்மாள் கல்லூரியில் படிக்கும் 38 நீச்சல், ஓட்ட வீராங்கனைகளிடம் கணக்கெடுத்தார். வயதுக்கு வந்த பிறகு பயிற்சி தொடங்கியவர்களின் சராசரி வயது 12.8. வருவதற்கு முன்பே பயிற்சி தொடங்கியவர்களுக்கு 15.1. முன்கூட்டிய ஒவ்வொரு வருஷப் பயிற்சிக்கும் ஐந்து மாதம் தள்ளிப்போனது. ஆறாம் வகுப்பிலேயே மைதானத்தில் இறங்கிய ஒருத்தியை எனக்குத் தெரியும்!

ஆடிட் அப்ஜெக்‌ஷன்

‘அப்பாடா, 47 கிலோ ஆனால் முடிந்தது, தராசைக் கொண்டா’ என்று நீங்கள் நினைத்தால்... கொஞ்சம் பொறுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் நான். அப்ஜெக்‌ஷன் இல்லாத கணக்கு உண்டா?

விஞ்ஞானிகள் ஃபிரிஷ் அம்மாளை விட்டுவைக்கவில்லை. முதல் கேள்வி: அந்தக் கொழுப்பை யாரும் நேரில் அளக்கவில்லையே? உயரத்தையும் எடையையும் ஒரு சூத்திரத்தில் போட்டுத்தானே வந்தது? குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணாமல், புத்தகத்தைப் பார்த்து ஸ்டாக் எழுதின மாதிரி! இரண்டாவது கேள்வி: சராசரி ஒன்றாக இருக்கலாம். ஆனால் 40 கிலோவில் வயதுக்கு வந்தவளும் இருக்கிறாள், 55 கிலோவில் இன்னும் வராதவளும் இருக்கிறாளே? மூன்றாவது கேள்வி: பெண்மைக்கான ஹார்மோன் சுரந்தாலே உடம்பில் கொழுப்பு சேரும். அப்படியானால் கொழுப்பால் பருவம் வருகிறதா, பருவம் நெருங்குவதால் கொழுப்பு சேர்கிறதா? கோழியா, முட்டையா? (நண்பர் வீட்டில் இரண்டும் தடை!)

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. 1980-ல் மிஷெல் வாரன் என்ற டாக்டர், பாலே நடனம் கற்கும் இளம் பெண்களைப் பற்றி எழுதினார். அடிபட்டு நடனத்தை நிறுத்தி ஓய்வில் இருந்தபோது அவர்களுக்குப் பருவ வளர்ச்சி முன்னேறியது. எடை அப்படியொன்றும் கூடிவிடவில்லை. ஆக, டெபாசிட் மட்டும் இல்லை, தினப்படி வரவு செலவும் முக்கியம். 2003-ல் ஆன் லவுக்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், நல்ல ஆரோக்கியமான பெண்களை வைத்து இதைச் சோதித்தார். உடற்பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சும் உணவுச் சக்தி ஒரு எல்லைக்குக் கீழே போனால், ஐந்தே நாளில், மூளையிலிருந்து கருப்பைக் காரியங்களுக்குப் போகும் ஹார்மோன் துடிப்பு தடுமாறுகிறது. ஐந்து நாளில் கொழுப்பு எவ்வளவு கரைந்துவிடும்? ஆனாலும் உடம்பு உஷாராகிவிடுகிறது. சம்பளம் வரவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் சினிமாவை நிறுத்துகிற மாதிரி!

பாப்பா விஷயத்தில் ஓட்டம் குற்றவாளி இல்லை. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததுதான்.

பாஸ்புக்கில் என்ட்ரி

சரி, உடம்பில் எவ்வளவு டெபாசிட் இருக்கிறது என்று மூளைக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு 1994-ல் பதில் கிடைத்தது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு ‘லெப்டின்’ என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. அதைச் சுரப்பது கொழுப்புச் செல்கள்தான். கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய், ‘இருப்பு இவ்வளவு’ என்று சொல்லும். அதாவது பாஸ்புக் என்ட்ரி! நாமெல்லாம் சும்மா தொங்குகிற சதை என்று நினைக்கிற தொப்பை, மூளைக்குத் தினமும் ஸ்டேட்மென்ட் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கே புதுச் செய்தி.

என்ட்ரி விழாவிட்டால் என்ன ஆகும்? துருக்கியில் ஒரு குடும்பத்தில் சிலருக்குப் பிறவியிலேயே லெப்டின் சுரக்கவில்லை. உடம்பில் கொழுப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் பெரியவர்களான பிறகும் பருவ வளர்ச்சி ஒழுங்காக நடக்கவில்லை. பெட்டி நிறையப் பணம், பாஸ்புக்கில் பூஜ்யம்! அவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டுச் சிகிச்சை செய்ததை 2004-ல் எழுதினார்கள். அதில் ஒரு ஆணுக்கு, அதுவரை வராத பருவம், ஊசிக்குப் பிறகு வந்தது. ஆமாம் சார், இந்த பேங்க் நமக்கும் உண்டு.

ஆனால் பாலன்ஸ் இருந்தால் மட்டும் லோன் கிடைத்துவிடுமா? மேனேஜர் கையெழுத்து வேண்டாமா? மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸ்தான் மேனேஜர். அவரிடம் ஃபைலைக் கொண்டுபோய் வைக்கிற குமாஸ்தாவுக்குப் பெயர் கிஸ்பெப்டின். ‘கிஸ்’ஸா என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். அந்த மரபணுவை 1996-ல் கண்டுபிடித்தது அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில். அந்த ஊர் ‘கிஸ்ஸஸ்’ என்ற சாக்லேட்டுக்குப் பேர் போனது. அதன் நினைவாக வைத்த பெயர், அவ்வளவுதான். கிஸ்பெப்டின் சொல்வதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கோளாறு இருந்தால் பருவமே வராது என்பது 2003-ல் தெரிந்தது. ஆக, கொழுப்பு தரும் சேதி ஒரு அனுமதி. அதுவே உத்தரவு இல்லை. பரம்பரை, சாப்பாடு, நோய், உழைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார்.

கோழி நிரபராதி!

இப்போது டீக்கடை நண்பரிடம் வருவோம். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அது நம் பெண்களுக்கு ஏறுகிறது என்பது ஊரெல்லாம் இருக்கும் நம்பிக்கை. யோசித்துப் பாருங்கள். பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழி. ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட எத்தனை ஆள் வேண்டும், கூலி என்ன ஆகும்? கணக்கு கட்டுப்படியாகுமா? தீவனத்தில் கலக்கலாமே என்றால், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனதும் பருப்பு மாதிரி செரித்துவிடும். பிராய்லர் வேகமாக வளர்வது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்தாலும் சத்தான தீவனத்தாலும்.

ஆனால் பெண்குழந்தைகள் முன்பைவிடச் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்பது நிஜம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பாவில் 16, 17 வயது என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 13 ஆகிவிட்டது. சாப்பாடு கூடியது, நோய் குறைந்தது. 2024 மே மாதம் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 71,000-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் கணக்கை வெளியிட்டது. 1950-லிருந்து 1969-க்குள் பிறந்தவர்களுக்குச் சராசரி 12.5 வயது. 2000-லிருந்து 2005-க்குள் பிறந்தவர்களுக்கு 11.9. இந்த இறக்கத்தில் ஒரு பகுதிக்குக் காரணம், குழந்தைகளின் எடை கூடியது. முழுக்க அது மட்டும் இல்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப கோழி வாங்கலாமா?” என்றார்.

“வாங்குங்க சார். குழம்பு வைங்க. தினமும் எண்ணெயில பொரிச்சது, பாக்கெட் சிப்ஸ், கலர் தண்ணி, அதோட ராத்திரி வரைக்கும் செல்போன், இதைக் குறைங்க. புள்ளைய சாயங்காலம் ஓடியாடி விளையாட விடுங்க. அதுக்காக இப்பப் போய்ப் பட்டினி போட்டுடாதீங்க. பத்து வயசு கொஞ்சம் சீக்கிரம்தான். ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க.”

அப்புறம் அவரே சொன்னார். “சார், அவளுக்கு ரத்தம் வந்ததும் செத்துப் போயிடுவோம்னு நெனச்சு அழுதுட்டா. யாரும் எதுவும் சொல்லித் தரல. நான் வேற கோழி, கோழின்னு கத்திக்கிட்டிருந்தேன். அவ அம்மாகிட்ட, ‘நான் சிக்கன் சாப்பிட்டது தப்பாம்மா’ன்னு கேட்டிருக்கா...”

இரண்டு ஊர், இரண்டு பெண்கள். ஒருத்தி ‘ஓடினது தப்பா’ என்கிறாள். இன்னொருத்தி ‘சாப்பிட்டது தப்பா’ என்கிறாள். உடம்பு தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. தப்புக் கணக்குப் போட்டது நாம்தான் சார்.

பரணில் இருந்து இறங்கிய ஷூ

மதுரையில் அன்றைக்கே ஷூ கீழே இறங்கியது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ‘மருந்து’ இதுதான்: ஓடப்போகும் முன் ஒரு வாழைப்பழம், நாலு பேரீச்சை. முடித்ததும் வயிறு நிறைய டிபன், கூட முட்டை. மத்தியானம் பருப்பு, காய், தயிரோடு முழுச் சாப்பாடு. சாயங்காலம் வேர்க்கடலை உருண்டை. வாரத்தில் ஒருநாள் ஓட்டத்துக்கு லீவு. பி.டி. மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். “சாப்பிடாம ஓடினா எலும்பும் பலவீனமாயிடும் சார், எனக்கே இது முன்னாடி தெரியாமப் போச்சு” என்றார்.

மாவட்டப் போட்டியில் பாப்பா மூன்றாவதாக வந்தாள். “கடைசி ரவுண்டுல முன்ன மாதிரி தலை சுத்தலை மாமா” என்றாள். எனக்கு அதுதான் தங்க மெடல்.

ஆனால் அக்கா காலண்டரைக் கிழிப்பதை நிறுத்தவில்லை. 2025 மாசி கடைசியில் பாப்பாவுக்குப் பதினைந்து முடிந்தது. வரவில்லை. மறுபடி டாக்டர். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். அந்த ரிப்போர்ட் வரும்வரை அக்கா சோறு தின்னவில்லை, மச்சான் மொய் நோட்டைத் திறக்கவில்லை. நானும் தூங்கவில்லை. ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டரம்மா.

சித்திரைத் திருவிழா நேரம். இரவு பத்து மணிக்கு அக்கா போன். இந்தத் தடவையும் அழுகைதான், ஆனால் வேறு ரகம்.

பதினைந்து வருஷம், ஒரு மாதம். ஹார்வர்டு சராசரியோடு டேலி! (ஒரு ஆளை வைத்துக்கொண்டு சராசரி பேசக்கூடாது என்று தெரியும். இருந்தாலும் கணக்குப்பிள்ளைக்கு ஒரு சின்ன சந்தோஷம்.)

மச்சான் மண்டபம் பார்க்க ஆரம்பித்தார். பத்திரிகையில் என்ன எழுதுவது, மைக்செட்டுக்கு யார் என்று ஒரே அமளி. நான் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன். பாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மாமா, ஊரைக் கூட்டி மைக்கு வச்சுச் சொல்லணுமா? எனக்கு வெக்கமா இருக்கு. வீட்டோட ஆச்சி, அத்தையெல்லாம் வந்து தண்ணி ஊத்தட்டும், போதும். நீங்க சீருக்கு வச்ச பணத்துல எனக்கு ஸ்பைக்ஸ் ஷூ வாங்கித் தாங்களேன். அடுத்த மீட்டுக்கு வேணும்.”

மச்சானிடம் இதை எப்படிச் சொல்வது? இருபது வருஷத்து மொய் பாக்கி! மெதுவாகச் சொன்னேன். மனுஷன் நோட்டை எடுத்தார், ஒரு முறை புரட்டினார், பெருமூச்சு விட்டார். “போகுது மாப்ளே. கல்யாணத்துல வசூல் பண்ணிக்கலாம்” என்றார்.

வீட்டோடு மஞ்சள் நீர். எதிர்வீட்டு ஆச்சிதான் முதல் சொம்பு ஊற்றியது. ஐந்தாறு தட்டு வைத்தேன். நடுத்தட்டில், பட்டுப்பாவாடைக்குப் பக்கத்தில், வெற்றிலை பாக்கு மேல், ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் ஷூ.

இதைக் கட்டுரையாக எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். “பேரு போடாம எழுதுங்க மாமா. அந்தப் பத்து வயசுப் பாப்பாவோட அப்பாவும் படிக்கட்டும்” என்றாள்.

எழுதிவிட்டேன். நண்பர் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பாம். என்னைத்தான் கூப்பிடவில்லை.